புது இந்திய உணவகமா? முதலில் மாஸ்டர் எந்த ஊர் என்று கேளுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் ‘புதுசா ஒரு இந்தியன் ரெஸ்டாரண்ட் திறந்திருக்காங்களாம்’ என்று யாராவது சொன்னால் போதும், அந்த வார இறுதியிலேயே பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். மறுநாள் காலை வாட்ஸப் குழுவில் தீர்ப்பு வந்துவிடும். ஒன்று ‘செம’, இல்லையென்றால் ‘வேஸ்ட்’. நடுவில் எதுவும் கிடையாது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சமீபத்தில் ஒன்று திறந்தபோதும் இதே கதைதான். ஒருவர் பிரியாணியைப் புகழ்ந்தார், இன்னொருவர் அதே பிரியாணியைக் குப்பை என்றார். நானும் மனைவியும் கூட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்து, வேலை நாள் ஒன்றில் மதியம் போனோம். வார இறுதி இரவில் புதுக் கடைக்குப் போவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. சமையலறை இன்னும் கை பழகாத நேரத்தில் நாற்பது மேசை ஆர்டரும் ஒரே நேரத்தில் உள்ளே போகும். அப்போது தட்டில் வருவது அவசரம், சமையல் இல்லை. வேலை நாள் மதியம் என்றால் மாஸ்டருக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும், பரிமாறுகிறவருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்கும். இந்தப் பேச்சுதான் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மெனு கார்டு சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது. தந்தூரி, முகலாய், பஞ்சாபி, ஹைதராபாதி, கோவா, செட்டிநாடு, இந்தோ சைனீஸ், கடைசிப் பக்கத்தில் தோசை. ஒரு அடுப்படியில் இத்தனை மாநிலமும் எப்படி வேகும்? வேகாது. பெரும்பாலான இடங்களில் உள்ளே நடப்பது வேறு. வெங்காயத்தை மூட்டை மூட்டையாக இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தக்காளியோடு வேகவைத்து அரைத்து, பெரிய அண்டாவில் ஒரு அடிப்படை கிரேவி தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் அதில் ஒரு கரண்டி எடுத்து, கிரீமும் முந்திரியும் போட்டால் கோர்மா, மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ், மிளகைத் தூவினால் செட்டிநாடு. சென்னையில் பிறந்து வளர்ந்த யாரும் ‘மெட்ராஸ் கறி’ என்று ஒன்றைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிரிட்டனின் கறி ஹவுஸ்களில் அது ஒரு உறைப்பு அளவு. கோர்மா என்றால் சாது, மெட்ராஸ் என்றால் காரம், விண்டாலு என்றால் வீரர்களுக்கு மட்டும்.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் எட்டுப் பேருக்கு எட்டு விதமாகச் சாப்பாடு போட வேறு வழி இல்லை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மெனு இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1947 பிரிவினையில் பெஷாவரை விட்டு வந்த குந்தன் லால் குஜ்ரால், தில்லி தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மகாலிலிருந்துதான் தந்தூரி சிக்கனும் பட்டர் சிக்கனும் பெரிய உணவகங்களுக்குப் பரவின. பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடக்கும் அளவுக்கு அதற்கு மவுசு. பிரிட்டனில் ‘இந்தியன்’ என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட்டிலிருந்து போன வங்காளதேசத்துக்காரர்கள். ஜப்பானில் இந்திய உணவகம் நடத்துபவர்களில் நேபாளிகள் ஏராளம். ஆக, பலகையில் இருக்கும் நாடு ஒன்று, மெனுவில் இருக்கும் மாநிலம் இன்னொன்று, அடுப்பின் முன்னால் நிற்பவரின் ஊர் மூன்றாவது. சாப்பிடப் போகிறவனுக்கு இந்த மூன்றாவதுதான் தேவை.

அன்றைக்கு எங்கள் மேசைக்கு வந்த பையன் தமிழ்ப் பையன். இங்கே படிக்க வந்தவன், பகுதி நேர வேலை. மனைவி மெனுவைப் பார்த்து, “ஏங்க, செட்டிநாடு சிக்கன் சொல்லலாமா?” என்றாள். பையன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றான்.

“தம்பி, மாஸ்டர் எந்த ஊர்?” என்றேன்.

அவன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “உத்தராகண்ட் பக்கம்ணா. தெஹ்ரியாம். தோசைக்கு மட்டும் வேற ஆள், அவரு உடுப்பிப் பக்கம். அக்கா, செட்டிநாடு வேண்டாம்க்கா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

அந்தப் பதிலிலேயே பாதிச் சாப்பாடு முடிவாகிவிட்டது. வெளிநாட்டு இந்திய உணவகங்களில் தந்தூர் அடுப்பின் முன்னால் நிற்பவர்களில், தெஹ்ரி இருக்கும் உத்தராகண்டின் கார்வால் மலைப்பகுதிக்காரர்கள் நிறையப் பேர். பருப்பும் ரொட்டியும் ராஜ்மாவும் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அவரிடம் போய்க் காரைக்குடிச் சுவையைக் கேட்டால், பாவம், அவரும்தான் என்ன செய்வார்? தந்தூரி ரொட்டி, தால் தட்கா, வெறும் சாதம், ஒரு சாதா தோசை சொன்னோம். மனைவிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? பருப்பு வீட்ல வைக்க மாட்டேனா?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் முதல் முறை போகும்போது இப்படி எளிதானவற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பனீர் பட்டர் மசாலாவில் வெண்ணெய், கிரீம், முந்திரி, சர்க்கரை, கசூரி மேத்தி எல்லாம் சேர்ந்து எந்தத் தவறையும் மூடிவிடும். பருப்பில் ஒளிய இடமே இல்லை. அப்போதே தாளித்துக் கொட்டியிருந்தால் கிண்ணம் மேசைக்கு வருவதற்கு முன்னால் சீரகமும் பூண்டும் மணத்துக்கொண்டு வரும். காலையில் தாளித்து வைத்ததைச் சூடாக்கிக் கொடுத்தால் மேலே எண்ணெய் மட்டும் மிதக்கும், மணம் இருக்காது. சாதத்தையும் அப்படியே பார்க்கலாம். விளிம்பில் கொதித்து நடுவில் ஆறிப்போய் இருந்தால் மைக்ரோவேவ் வேலை.

சாதத்தைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது ருசி விஷயம் இல்லை. வடித்த சாதத்தை வெளியே வெகுநேரம் வைத்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நச்சு போகாது. அதனால்தான் பிரிட்டனில் சூடாக வைத்துப் பரிமாறும் உணவு 63 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பஃபே என்றால் மதியம் திறந்த உடனே போய்விடுங்கள். மூடப் போகும் நேரத்துக்குப் போய் அடியில் காய்ந்து கிடப்பதைச் சுரண்டிவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடையைத் திட்டுவதில் பொருளில்லை.

எங்களுக்குப் பருப்பு நன்றாக வந்தது. நன்றாக என்றால், மனைவி இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். அதற்கு மேல் சான்று வேண்டாம். ரொட்டிதான் சுமார். ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்து இருந்தது. பையனிடம் கேட்டபோது அடுப்பு புதிது என்றான். புது மண் தந்தூரைக் கொண்டு வந்து வைத்ததும் ரொட்டி சுட முடியாது. கீரை, வெல்லம், கடுகெண்ணெய், உப்பு என்று கலந்து அரைத்து உள்சுவரில் பூசி, சிறு தீயில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றிப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் சுவர் விரிசல் விடும். பதம் வராத அடுப்பில் மாவு ஒட்டாமல் கீழே விழும், அல்லது ஒட்டிக்கொண்டு வராது. திறப்பு விழாத் தேதியை முதலிலேயே குறித்துவிட்ட முதலாளிகள் இதற்கெல்லாம் பொறுப்பதில்லை. ஆகவே புதுக் கடையில் குறை இருந்தாலும் எதுவும் சொல்லாமல் கடந்துபோக நான் தயாராக இருப்பது ரொட்டி வகைகளில் மட்டும்தான். அடுப்பு பழகட்டும்.

தோசைக்கும் ஏறக்குறைய இதே சலுகை உண்டு, ஆனால் பாதிதான். குளிர் நாட்டில் மாவு புளிப்பது பெரிய பாடு. நம்மூரில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மாவு, இங்கே குளிர்காலத்தில் மறுநாள் மாலைவரைக்கும் கல்லு மாதிரி கிடக்கும். சமையலறையில் எந்த மூலை சூடு, எவ்வளவு நேரம் வைத்தால் சரியாக வரும் என்று கண்டுபிடிக்க எந்த மாஸ்டருக்கும் சில வாரம் பிடிக்கும். அதுவரை தோசை வெளுத்து, மாவு வாசனையோடு வரலாம். கல்லும் புதிதென்றால் பிய்ந்துகூட வரலாம். அதனால் மசாலா தோசை வேண்டாம், சாதா தோசை சொல்லிப் பாருங்கள். உருளைக்கிழங்கு உள்ளே இருந்தால் தோசையின் குறை தெரியாது.

மீதிப் பாதி சலுகையை ஏன் தருவதில்லை என்றால், சட்னிக்குப் பருவநிலையைக் காரணம் சொல்ல முடியாது. துருவி உறையவைத்த தேங்காய் எல்லா இந்தியக் கடைகளிலும் பாக்கெட்டில் கிடைக்கிறது. அதில் அரைத்தால் நல்ல சட்னியே வரும். காலையில் அரைத்ததை மாலைவரை வெளியே வைத்தால்தான் வழவழப்பும் லேசான புளிப்பும் தட்டும். நாங்கள் போன அன்று தோசை வெளுப்புதான், ஆனால் சட்னி அப்போது அரைத்தது. சாம்பாரில் வெல்லம் தெரிந்தது. மனைவி “இனிக்குதே” என்று ஒதுக்கப் பார்த்தாள். உடுப்பிப் பக்கத்து மாஸ்டர் வைக்கும் சாம்பார் அப்படித்தான் இருக்கும், அது குறையே இல்லை. நம் வீட்டுச் சாம்பார் மாதிரி இல்லை என்பதும் சாம்பார் சரியில்லை என்பதும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் தீர்ப்புகள்தான் வாட்ஸப்பில் பாதிக்கு மேல்.

கறிவேப்பிலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தாளிப்பில் காய்ந்த சருகு கிடந்தால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி இதிலும் தங்கும் என்பதால் அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் இதைக் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு. பச்சை இலை கிடைப்பதே அங்கெல்லாம் ஒரு வரம்.

மாஸ்டர் எந்த ஊர் என்று நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் மெனுவே காட்டிக்கொடுக்கும், ஆனால் பெரிய எழுத்தில் இல்லை. எங்கோ ஒரு மூலையில் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும் ஒன்றிரண்டு பதார்த்தங்களைத் தேடுங்கள். பட்டர் சிக்கனுக்கும் நூடுல்ஸுக்கும் நடுவே மோமோ இருந்தால் உள்ளே நேபாளத்துக்காரர் இருக்க வாய்ப்பு அதிகம், மோமோவையே சொல்லுங்கள். கோங்கூரா (புளிச்சக்கீரை) இருந்தால் ஆந்திரா. கடுகு அரைத்த மீன் இருந்தால் வங்காளி. மீன் மோலியும் ஆப்பமும் சேர்ந்து இருந்தால் கேரளம். கொத்து பரோட்டாவை எந்த வடநாட்டு முதலாளியும் தானாக மெனுவில் சேர்க்க மாட்டார், உள்ளே தமிழரோ இலங்கைக்காரரோ இருக்கிறார். இவை விற்பனைக்காகச் சேர்த்தவை இல்லை, மாஸ்டர் கேட்டு வாங்கியவை. அதனால்தான் நன்றாக இருக்கும்.

பிரியாணியை மட்டும் முதல் முறை தவிர்ப்பேன். அது எல்லா மெனுவிலும் இருக்கும், எதையும் காட்டிக்கொடுக்காது. தம் போட்ட பிரியாணி என்றால் பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாகச் செய்தாக வேண்டும். எவ்வளவு விற்கும் என்று தெரியாத புதுக் கடையில் யாரும் அந்தத் துணிவுக்குப் போக மாட்டார்கள். வேகவைத்த பாஸ்மதியை கிரேவியில் புரட்டிக் கொடுப்பார்கள். சோறு முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. தம்மில் வெந்ததில் வெள்ளைப் பருக்கையும் மஞ்சள் பருக்கையும் கலந்து கிடக்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் சிக்கனோ கோபி மஞ்சூரியனோ வந்தால் அது மிளகாயின் நிறம் இல்லை. 2024இல் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கவே தடை போட்டது. தட்டில் ஒட்டிய சிவப்பு, துடைத்த வெள்ளை நாப்கினிலும் அப்படியே ஒட்டினால் எனக்கு அடுத்த வாய் இறங்குவதில்லை.

ஒவ்வாமை இருப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. வெள்ளை கிரேவி, மக்கனி என்கிற வெண்ணெய் கிரேவி எல்லாவற்றிலும் முந்திரி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்னியில் நிலக்கடலை இருக்கலாம். பலருக்குத் தெரியாதது பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். குளூட்டன் ஆகாதவர்களுக்குச் சாம்பாரும் ரசமும்கூட வினையாகலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பக்கோடாவும் சிக்கன் 65உம் ஒரே எண்ணெயிலா பொரிகின்றன என்று கேட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டபோது ஒரே எண்ணெய்தான் என்று மறைக்காமல் சொன்னார்கள். பக்கோடா சொல்லவில்லை. ஆனால் அந்த நேர்மையால்தான் மறுபடி போனோம்.

பில் வந்ததும் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரி பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். பல நாடுகளில் இரண்டும் தனித்தனி இல்லை.

கிளம்பும்போது கல்லாவில் இருந்த முதலாளி எப்படி இருந்தது என்று கேட்டார். பருப்பு அருமை, ரொட்டிக்கு அடுப்பு இன்னும் பழகவில்லை, சட்னி நன்று என்று மூன்றையும் சொன்னேன். “எல்லாம் சூப்பர்” என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நட்சத்திரம் போடுவது நம்மவர்களிடம் பரவலாக இருக்கும் கெட்ட பழக்கம். புதுக் கடைக்கு முதல் மாத நட்சத்திரங்கள் உயிர் சமாச்சாரம். பாட்னாவிலிருந்து போன சேக் தீன் முகம்மது 1810இல் லண்டனில் திறந்த ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்தான் பிரிட்டனில் ஒரு இந்தியர் நடத்திய முதல் இந்திய உணவகம் என்பார்கள். ஹூக்கா, மூங்கில் நாற்காலி எல்லாம் வைத்திருந்தார். 1812இல் அவர் திவால். இருநூறு ஆண்டு கழித்தும் அந்தத் தொழிலின் நிலை பெரிதாக மாறவில்லை. குறையை நேரில் சொன்னால் அடுத்த வாரமே திருத்திக்கொள்ளலாம், இணையத்தில் சொன்னால் அது அங்கேயே கிடக்கும். நான் முதல் முறை போய்வந்து எதையும் எழுதுவதில்லை.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி போனோம், அதே பையன் இருக்கும் நேரமாகப் பார்த்து. இந்த முறை மெனுவைத் திறக்கவே இல்லை. “தம்பி, உங்க ஆட்களுக்கு மதியம் மாஸ்டர் என்ன செஞ்சாரு?” என்றேன். பையன் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரே வெளியே வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கையில் மாவு. என் அரைகுறை ஹிந்தியில் கேட்டதும் தயங்கினார். கஹத் தால்தான் இருக்கிறது, அது வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது இல்லை என்றார். கொடுங்கள் என்றோம்.

வந்தது கொள்ளு. நம்ம கொள்ளேதான். மசியக் கடைந்து, மேலே ஏதோ கடுகைவிடச் சிறிய கருத்த விதையைப் பொரித்துக் கொட்டியிருந்தார். கடித்தால் நறநறவென்று ஒரு தனி வாசனை. ஜக்யா என்றார், அவர்கள் மலையில் விளைவது, ஊரிலிருந்து வரும்போது பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாராம். கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் தின்று வளர்ந்த என் மனைவிக்கு அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மாஸ்டரிடம் எங்கள் ஊரிலும் இது உண்டு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. மதராசிகள் இட்லிதானே சாப்பிடுவீர்கள் என்றார். கைப்பேசியில் கொள்ளு ரசத்தின் படத்தைக் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருந்தது.

இப்படிக் கேட்டு வாங்குவதில் ஒரு நாகரிகம் உண்டு. கூட்ட நேரத்தில் கேட்கக்கூடாது. அது அவர்களுடைய சொந்தச் சாப்பாடு, அளவாகத்தான் செய்திருப்பார்கள். இல்லை என்றால் வற்புறுத்தக்கூடாது. விலையைக் கேட்டுக் கொடுத்துவிட வேண்டும், ‘மெனுவில் இல்லையே’ என்று பேரம் பேசக்கூடாது. இப்போது அந்தக் கடையில் கரும்பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள், வாரத்தில் ஒரு நாள் அதில் ‘பஹாடி தால்’, அதாவது மலைநாட்டுப் பருப்பு, என்று எழுதியிருக்கிறது. செட்டிநாடு சிக்கனும் மெனுவில் அப்படியே இருக்கிறது, அது நன்றாக விற்கிறதாம்.

ஒரு கடை பிடித்துப்போன பிறகும் கவனிக்க வேண்டியது மாஸ்டர் மாற்றம். இந்தத் தொழிலில் ஆள் நிலைப்பது அரிது. விசா முடியும், பக்கத்துக் கடையில் கூடுதல் சம்பளம் கிடைக்கும், ஊரில் வீட்டு விசேஷம் வரும். பலகையும் மெனுவும் மாறாது, ருசி மட்டும் ஒரே வாரத்தில் தலைகீழாகும். ‘முன்ன மாதிரி இல்ல’ என்று நாம் சொல்லும் கடைகள் பலவற்றில் நடந்தது இதுதான். அதனால் பையனின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். போன வாரம் நண்பர்கள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி மேசை கேட்டு அவனுக்குச் செய்தி அனுப்பினேன்.

“மாஸ்டர் பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்காருண்ணா. வர்ற வரைக்கும் ரொட்டி, பருப்புன்னு எதுவும் சொல்லாதீங்க” என்று பதில் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று: “ஆனா வெயில் வந்துருச்சுல்ல, மாவு இப்ப நல்லா புளிக்குது. தோசைக்குன்னா வாங்க.”